ஊதா டியூப்பில் சிடி41 பாதிக்கும் கீழே: கிளான்ஸ்மனா, ஈடிடிஏவின் வேலையா?

லேப்மேசை கேட்டது:

வணக்கம். கிளான்ஸ்மன் த்ராம்பஸ்தீனியா (பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்ட முடியாத பிறவி ரத்தக்கசிவு நோய்) சந்தேகத்தில் வரும் மாதிரிகளுக்காக ஒரு சின்ன ஃப்ளோ சைட்டோமெட்ரி (ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டி, செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் முறை) பேனல் அமைக்கிறோம். பிளேட்லெட் மேலுள்ள புரதங்களில் சிடி41க்கு பி2 க்ளோன் (ஆன்டிபாடியின் குறிப்பிட்ட ரகம்), சிடி61க்கு எஸ்இசட்21, சிடி42பிக்கு எஸ்இசட்2. கூடவே, பிளேட்லெட் கிளர்ந்ததைக் காட்டும் பாக்-1 ஆன்டிபாடி, சிடி62பி (பி-செலக்டின்).

நோய் ஏதும் இல்லாத ஒரே ஆளிடம் ஒரே குத்தில் மூன்று டியூப் எடுத்தோம். ஊதா மூடி கே2 ஈடிடிஏ, நீல மூடி 3.2% சிட்ரேட், பச்சை மூடி லித்தியம் ஹெபாரின்; மூன்றும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. ஈடிடிஏவில் பிளேட்லெட் கட்டி தட்டிவிடும், சூட்டில் வைத்தால் தட்டாது என்று சொல்லக் கேட்டு, மூன்றையும் 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து ஆன்டிபாடி போட்டோம். வந்தது இப்படி:

நீலத்தில் எல்லாம் எதிர்பார்த்தபடி. பாக்-1 சும்மா இருக்கையில் இல்லை, ஏடிபி (பிளேட்லெட்டைக் கிளப்பும் தூண்டி) கொடுத்ததும் ஏறுகிறது. ஊதாவில் சிடி41 எம்எஃப்ஐ (ஒளிர்வின் அளவு) நீலத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. சிடி61 பெரிதாக மாறவில்லை, சிடி42பி அப்படியே. ஏடிபி ஊற்றினாலும் பாக்-1 எழவே இல்லை. பச்சையில் எதுவும் கொடுக்காமலே சிடி62பி கொஞ்சம் ஏறி இருக்கிறது, ஸ்கேட்டரில் (செல்லின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் படத்தில்) கட்டிகளும் தெரிகின்றன.

வெளியிலிருந்து வரும் மாதிரிகள் பெரும்பாலும் ஊதா டியூப்பில்தான் வருகின்றன. இதில் கால்சியம் குளோரைடு சேர்த்துச் சரிசெய்ய முடியுமா? எந்த டியூப்பை எதற்கு நம்புவது?

---

சைட்டோ78 பதில்:

உங்கள் மூன்று டியூப்பிலும் ஆன்டிபாடி ஒன்றுதான், ஆள் ஒருவர்தான். மாறியது கால்சியம். சாதாரண ரத்தத்தில் அயனி நிலைக் கால்சியம் 1.1 முதல் 1.3 மில்லிமோலார். சிட்ரேட் டியூப்பின் பிளாஸ்மாவில் அது சுமார் 40-50 மைக்ரோமோலாருக்கு இறங்கும். ஈடிடிஏவில் நானோமோலார் கணக்குதான், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஹெபாரின் கால்சியத்தைத் தொடுவதே இல்லை. இந்த நான்கு எண்ணையும் சுவரில் ஒட்டி வையுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் சிடி41. ஜிபி 2பி/3ஏ ஏற்பி என்பது ஆல்ஃபா2பி (சிடி41), பீட்டா3 (சிடி61) என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த ஜோடி. ஒரு பிளேட்லெட்டின் மேல் சுமார் 80,000 ஜோடிகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோவேலன்ட் பிணைப்பு கிடையாது, கால்சியம் இருந்தால்தான் ஜோடி நிற்கும். ஆல்ஃபா2பியின் தலைப்பகுதியில் மட்டும் நான்கு கால்சியம் உட்காரும் இடங்கள் உண்டு. பீட்டா3 தலையில் இன்னும் மூன்று அயனி இடங்கள், அவற்றின் நடுவில் இருப்பது மக்னீசியத்துக்கான மிடாஸ் என்ற இடம். ஃபைப்ரினோஜன் (பிளேட்லெட்டுகளை இணைக்கும் ரத்தப் புரதம்) வந்து பிடிப்பது அந்த இடத்தில்.

இப்போது கால்சியத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு 37 டிகிரியில் வைத்தால் ஜோடி பிரிந்துவிடும். பிஎச் 8 பக்கம் போனால் இன்னும் வேகமாக. டியூப்பின் மூடியைத் திறந்து வைத்தால் கார்பன் டையாக்சைடு வெளியேறி பிஎச் தானாக ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில், 22 டிகிரி அளவில், அதே ஈடிடிஏ இருந்தும் பெரும்பாலான ஜோடிகள் நிற்கும். ஆக உங்கள் ஊதா டியூப்பைக் கெடுத்தது ஈடிடிஏ மட்டும் இல்லை. ஈடிடிஏவும் வாட்டர் பாத்தும் சேர்ந்து செய்த வேலை அது.

சிடி61 ஏன் விழவில்லை? பி2 க்ளோன் ஆல்ஃபா2பியை ஜோடியாக இருக்கும்போது மட்டும் அடையாளம் காணும். பிரிந்து தனியாகக் கிடக்கும் ஆல்ஃபா2பி மேலேயே இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஏபி2, 10ஈ5 க்ளோன்களும் இதே ரகம். எஸ்இசட்21 பீட்டா3-ஐ நேரடியாகப் பிடிக்கிறது, பக்கத்தில் ஜோடி இருக்கிறதா என்று கேட்பதில்லை. இதற்கு நேர்மாறான ஆன்டிபாடியும் உண்டு. பிஎம்ஐ-1 என்பது கால்சியம் குறைந்தால்தான் வெளியே வரும் ஒரு பகுதியைப் பிடிக்கும், ஈடிடிஏவில் அதன் எண் ஏறும். அதனால் "சிடி41 குறைந்தது" என்று மட்டும் எழுதினால் பொருளே இல்லை, க்ளோன் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

சிடி42பி, அதாவது ஜிபி1பி-ஆல்ஃபா, கால்சியத்தை நம்பி நிற்பதில்லை. அது பீட்டா துண்டோடு டைசல்ஃபைடு பிணைப்பால் கட்டப்பட்டது. வான் வில்லிபிராண்ட் காரணி (ரத்தத்தில் உள்ள ஒட்டும் புரதம்) அதன்மேல் ஒட்டுவதற்கும் இரட்டை நேர்மின் அயனி தேவையில்லை. இந்த ஒட்டுதலைத் தூண்டும் ரிஸ்டோசெட்டின் போட்டால் ஈடிடிஏ இருந்தாலும் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொள்வது இதனால்தான். அந்த எண் மூன்று டியூப்பிலும் அப்படியே இருந்தால் உங்கள் கேட்டிங்கும் (திரையில் பிளேட்லெட்டுகளை மட்டும் பிரித்தெடுப்பது) சாயமேற்றமும் சரி என்று அர்த்தம். நல்ல உள் சாட்சி.

பாக்-1 கதை வேறு. அது ஐஜிஎம் வகை ஆன்டிபாடி, ஃபைப்ரினோஜன் பிடிக்கும் அதே பள்ளத்தில் ஃபைப்ரினோஜனைப் போலவே நுழைகிறது. அதற்கு மிடாஸில் அயனி இருந்தாக வேண்டும். ஜோடி பிரியாமல் இருந்தாலும்கூட, ஈடிடிஏ இருக்கும்வரை பாக்-1 ஒட்டாது. பிளேட்லெட் உள்ளுக்குள் முழுக்கக் கிளர்ந்திருந்தாலும் ஒட்டாது. அதே டியூப்பில் டிராப்-6 (பலமான பிளேட்லெட் தூண்டி) போட்டு சிடி62பி பாருங்கள், ஏறும். கிளர்ச்சி நடக்கிறது, பாக்-1ஆல் அதைக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஆபத்து எங்கே என்றால், கிளான்ஸ்மனின் வகைப்பாட்டை அப்படியே ஈடிடிஏ நகல் எடுக்கிறது. முதல் வகையில் ஜிபி 2பி/3ஏ 5%க்கும் கீழே. இரண்டாம் வகையில் 5 முதல் 20% அளவு. மூன்றாவதான வேற்றுரு வகையில் அளவு ஏறக்குறைய இருக்கும், வேலை செய்யாது, பாக்-1 ஏறாது. நோயைச் சுமப்பவர்களான பெற்றோரிடம் அளவு பாதி. சூட்டில் கிடந்த ஊதா டியூப் ஆரோக்கியமான ஆளைச் சுமப்பவராகக் காட்டும், இன்னும் நேரம் போனால் இரண்டாம் வகையாகக்கூடக் காட்டும். சூடு படாத ஊதா டியூப் அதே ஆளை வேற்றுருவாகக் காட்டும். உறவுக்குள் திருமணம் வழக்கமாக உள்ள நம் பக்கத்தில் இந்த நோய்க்கான சந்தேகம் அடிக்கடி எழும், பெற்றோரையும் சேர்த்துச் சோதிப்பார்கள். ஒரு தவறான எண் ஒரு குடும்பத்துக்கே பட்டம் கட்டிவிடும்.

கால்சியம் சேர்த்து மீட்கலாமா என்பதற்கு: 37 டிகிரியில் பிரிந்த ஜோடி திரும்பச் சேராது. பிரிந்த துண்டுகள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக் கொத்தாகிவிடும். அறை வெப்பத்திலேயே இருந்த ஈடிடிஏ மாதிரியில் ஓரளவு மீட்பு உண்டு, ஆனால் அதை வைத்து நோய் எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

---

ஹெமட்_வார்டு பதில்:

சைட்டோ78 சொன்னது ஃப்ளோவுக்கு முழுக்கச் சரி. ஆனால் "சூட்டில் வை" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நாளைக்கு யாராவது எதிர்ப்பக்கம் தவறு செய்வார்கள்.

அது எண்ணிக்கைக்கான அறிவுரை. சிலருடைய ரத்தத்தில் ஜிபி 2பி/3ஏக்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருக்கிறது. உடம்புக்குள் அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது பிடிக்கும் பகுதி மூடியே இருக்கிறது. ஈடிடிஏ கால்சியத்தை எடுத்ததும் ஏற்பியின் வடிவம் மாறி அந்தப் பகுதி திறக்கும், ஆன்டிபாடி ஒட்டும், பிளேட்லெட்டுகள் கொத்தாகும். மெஷின் அந்தக் கொத்தை வெள்ளணுவாக எண்ணும், அல்லது எண்ணாமல் விட்டுவிடும். ரிப்போர்ட்டில் 40,000 என்று வரும், உடம்பில் இரண்டு லட்சம் இருக்கும். 1969லேயே எழுதி வைக்கப்பட்ட சங்கதி இது. ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் பார்க்கலாம். கிளான்ஸ்மன் நோயாளியின் பிளேட்லெட்டோடு இந்த சீரத்தைக் கலந்தால் கொத்து வராது, ஒட்டுவதற்கான இலக்கே அங்கே இல்லை. இலக்கு எது என்று தெரிந்ததே அப்படித்தான்.

இந்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை குளிரில்தான் நன்றாக ஒட்டும். அதனால் 37 டிகிரியில் வைத்து எண்ணினால் கொத்து குறையும். எண்ணிக்கைக்கு அது உதவி. அதே 37 டிகிரி உங்கள் சிடி41க்கு விஷம். ஒரே டியூப்பில் இரண்டு வேலையும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

எண்ணிக்கைக்கு நடைமுறை: மெஷின் எச்சரிக்கை காட்டினால் முதலில் ஸ்மியரின் (கண்ணாடித் தகட்டில் இழுத்த ரத்தப் பூச்சின்) இறகு முனையைப் பாருங்கள், கொத்துகள் அங்கேதான் ஒதுங்கும். நியூட்ரோஃபிலைச் சுற்றி பிளேட்லெட்டுகள் மாலை போட்டாற்போல ஒட்டியிருந்தால் அதுவும் ஈடிடிஏவின் வேலை. பிறகு நீல டியூப்பில் எடுத்து, தாமதிக்காமல் ஓட்டி, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள். ஒன்பது பங்கு ரத்தத்தில் ஒரு பங்கு சிட்ரேட் கலந்த நீர்ப்பை ஈடுகட்டத்தான் அந்த 1.1. சிலருக்கு சிட்ரேட்டிலும் கொத்து வரும். அவர்களுக்கு மக்னீசியம் சல்ஃபேட் உள்ள த்ராம்போஎக்ஸாக்ட் டியூப் இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் விரல் நுனி ரத்தத்தை நேரடியாக அம்மோனியம் ஆக்சலேட்டில் கலந்து சேம்பரில் எண்ணலாம்.

டெங்கு காலத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அப்போது நிஜமாகவே குறைந்தவர்கள்தான் அதிகம், எனவே "ஈடிடிஏ கொத்தாக இருக்கும்" என்று ஸ்மியர் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். ரத்தக்கசிவு ஒன்றுமில்லை, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ஏறவில்லை, காலையில் ஒன்றரை லட்சம், மாலையில் 20,000 என்றால் பிளேட்லெட் பைக்கு ஆள் அனுப்பும் முன் நீல டியூப்.

எம்பிவியும் (பிளேட்லெட்டின் சராசரி அளவு) இதே கணக்கில் சேரும். ஈடிடிஏவில் பிளேட்லெட் தட்டு வடிவம் விட்டு உருண்டையாகி முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஊதும். எடுத்த உடனே ஓட்டிய எம்பிவியையும் மூன்று மணி நேரம் கழித்து ஓட்டியதையும் ஒப்பிடுவது வீண் வேலை.

---

லேப்மேசை:

மிக்க நன்றி. வாட்டர் பாத்தை நிறுத்திவிட்டோம். அடுத்த சந்தேகம். பாக்-1க்கு கால்சியம் வேண்டும் என்கிறீர்கள், சிட்ரேட்டிலும் கால்சியம் குறைவுதானே? நீல டியூப்பில் நேராக கால்சியம் குளோரைடு சேர்த்தால் உறைந்துவிடுகிறது. எவ்வளவு, எந்த இடத்தில் சேர்ப்பது? அடுத்த சோதனைக்கு எடுத்து வைத்திருக்கும் பஃபர் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), 1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்), 2 மில்லிமோலார் ஈடிடிஏ.

---

பஃபர்பாட்டில் பதில்:

அந்த பஃபரை முதலில் லிம்ஃபோசைட் ஆட்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செல்கள் ஒட்டாமல் இருக்க அவர்கள் ஈடிடிஏ போடுவார்கள், அவர்களுக்குச் சரி. நீங்கள் நீல டியூப்பில் கவனமாக எடுத்து, சாயமேற்றும்போது நீங்களே ஈடிடிஏ ஊற்றப்போகிறீர்கள். பிபிஎஸ்ஸிலிருந்து ஈடிடிஏவை மட்டும் எடுத்துவிட்டு கால்சியம் சேர்த்தாலும் போதாது. பாஸ்பேட்டோடு சேர்ந்து நுண்ணிய கால்சியம் பாஸ்பேட் துகள்கள் வீழ்படியும். கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே அவை ஸ்கேட்டர் பிளாட்டில் பிளேட்லெட், நுண்கொப்புளம் இருக்கும் மூலையில் வந்து உட்காரும். ரத்தமே சேர்க்காத பஃபரை ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அங்கே நிகழ்வுகள் குவிந்தால் இதுதான்.

ஹெபிஸ்-டைரோடு என்ற பஃபரைச் செய்யுங்கள். சோடியம் குளோரைடு 134, பொட்டாசியம் குளோரைடு 2.9, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.34, சோடியம் பைகார்பனேட் 12, ஹெபிஸ் 20, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 5, எல்லாம் மில்லிமோலாரில். பிஎச் 7.3-7.4. பாஸ்பேட் இவ்வளவு குறைவாக இருந்தால் தொல்லை இல்லை. கால்சியத்தை மட்டும் முன்கூட்டியே போட்டு வைக்காதீர்கள். 1 மோலார் கால்சியம் குளோரைடு ஸ்டாக்கிலிருந்து ஒரு மில்லிக்கு 2 மைக்ரோலிட்டர், அன்றன்றைக்கு. அது 2 மில்லிமோலார்.

இப்போது கணக்கு. 3.2% சிட்ரேட் என்பது 109 மில்லிமோலார், 1:9இல் கலந்தால் ரத்தத்தில் 10.9. அதில் நேராகக் கால்சியத்தை ஈடுகட்ட வேண்டுமென்றால் 10 மில்லிமோலாருக்கு மேல் போட வேண்டும். த்ராம்போஎலாஸ்டோகிராஃபியில் (ரத்தம் உறைவதை அளக்கும் சோதனை) 340 மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 0.2 மோலார் கால்சியம் குளோரைடு 20 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் 11 மில்லிமோலார் போடுகிறார்கள். அங்கே உறைய வேண்டும் என்பதுதான் நோக்கம், உங்களுக்கு அது கூடாது. அதனால் டியூப்பைத் தொடாதீர்கள். நீர்த்த பிறகு கால்சியம் கொடுங்கள்.

5 மைக்ரோலிட்டர் சிட்ரேட் ரத்தம் மொத்தம் 50 மைக்ரோலிட்டரில் போனால் சிட்ரேட் 1.1 மில்லிமோலாராகிவிடும். பஃபரில் 2 மில்லிமோலார் கால்சியம் இருந்தால், சிட்ரேட் பிடித்தது போக அயனி நிலையில் ஒரு மில்லிமோலார் பக்கம் மிஞ்சும். உடம்பில் இருப்பதற்கு அருகில். உறைவுக் காரணிகளும் பத்து மடங்கு நீர்த்துப்போவதால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒன்றும் ஆகாது. டிராப்-6 மாதிரி பலமான தூண்டி போடும் டியூப்பில் மட்டும் ஜிபிஆர்பி பெப்டைடு 2.5 மில்லிமோலார் சேர்த்துவிடுங்கள், ஃபைப்ரின் நூல் கட்டாது.

வரிசை முக்கியம். டியூப்பில் முதலில் பஃபர், பிறகு ஆன்டிபாடிகள், பிறகு தூண்டி: ஏடிபி என்றால் இறுதியில் 20 மைக்ரோமோலார், டிராப்-6 என்றாலும் 20. ரத்தம் கடைசியில். மெதுவாகத் தட்டி விடுங்கள், வார்டெக்ஸ் வேண்டாம், குலுக்கினாலே பிளேட்லெட் கிளரும். இருட்டில், அறை வெப்பத்தில் 15-20 நிமிடம். பின் 1% ஃபார்மால்டிஹைடு ஒரு மில்லி ஊற்றி நிறுத்துங்கள். பாக்-1 இருக்கிற டியூப்பில் ஃபிக்ஸ் செய்வது எப்போதும் சாயத்துக்குப் பிறகுதான், முன்னால் செய்தால் ஒட்டாது. கழுவ வேண்டாம், சென்ட்ரிஃப்யூஜ் வேண்டாம், ஆர்பிசி லைசிஸும் வேண்டாம்.

கட்டுப்பாட்டு டியூப்கள்: பாக்-1க்கு ஐசோடைப் (எதையும் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) மட்டும் போதாது. ஏடிபியும், ஜிபி 2பி/3ஏவை அடைக்கும் எப்டிஃபிபடைடும் சேர்த்த ஒரு டியூப், இல்லாவிட்டால் அதே வேலை செய்யும் ஆர்ஜிடிஎஸ் பெப்டைடு. ஏடிபியோடு 5 மில்லிமோலார் ஈடிடிஏ இன்னொன்று. இரண்டிலும் பாக்-1 தரைமட்டமாக வேண்டும். ஆகாவிட்டால் நீங்கள் பார்ப்பது ஐஜிஎம் கண்ட இடத்தில் ஒட்டும் பிசுபிசுப்பை.

கேட் போடுவதில் ஒரு பழைய பொறி: கிளான்ஸ்மன் சந்தேகத்தில் சிடி41 வைத்துக் கேட் போட்டால் நோயாளியின் பிளேட்லெட்டே திரையில் இருக்காது. சிடி42ஏ அல்லது 42பி வைத்து கேட் போடுங்கள். பெர்னார்ட்-சூலியர் (சிடி42 குறையும் நோய்) சந்தேகம் என்றால் தலைகீழாக, சிடி61.

எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 21 கேஜ் ஊசி, டூர்னிக்கே கட்டினாலும் ஊசி உள்ளே போனதும் தளர்த்தல், முதல் 2-3 மில்லி வேறு டியூப்புக்கு. நீல டியூப் கோடுவரை நிரம்ப வேண்டும், பாதி நிரம்பினால் சிட்ரேட் இரட்டிப்பாகி என் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். ஹீமட்டோகிரிட் 55%க்கு மேல் இருந்தாலும் அதே சிக்கல், பிளாஸ்மா குறைவாக இருப்பதால். அப்போது சிட்ரேட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்: 0.00185 × (100 − ஹீமட்டோகிரிட்) × ரத்த அளவு மில்லியில். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் பட்டால் பிளேட்லெட் வடிவம் மாறும், ஜிபி1பி கொத்துக் கொத்தாகும். 20-24 டிகிரி, கால் மணி நேரம் ஓய்வு, இரண்டு மணிக்குள் சாயம்.

---

மருந்தியல்மூலை பதில்:

"சிட்ரேட்டிலும் குறைவுதானே" என்று கேட்டீர்களே, அதே கேள்வி ஒரு மருந்தின் அளவையே புரட்டிப்போட்டிருக்கிறது. கொஞ்சம் விலகல்தான், ஆனால் பாக்-1க்கு நீங்கள் கட்டுப்பாடாகப் போடப்போகும் எப்டிஃபிபடைடுதான் அது.

ஜிபி 2பி/3ஏவை அடைக்கும் மருந்து. ஆரம்பத்தில் எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை சிட்ரேட் ரத்தத்தில் அக்ரிகேஷன் (பிளேட்லெட்டுகள் ஒன்றுசேர்வது) பார்த்து முடிவு செய்தார்கள். கால்சியம் குறைந்தால் எப்டிஃபிபடைடு ஏற்பியில் இன்னும் இறுக்கமாக ஒட்டும். கண்ணாடிக் குழாயில் மருந்து பிரமாதமாக வேலை செய்வது போலத் தெரிந்தது. உடம்பில் கால்சியம் 1 மில்லிமோலாருக்கு மேல், அங்கே அதே அளவு மருந்து அவ்வளவு அடைக்கவில்லை. 1997இல் சிட்ரேட்டையும், ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினை மட்டும் தடுத்துக் கால்சியத்தை விட்டுவைக்கும் பிபாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் வெளியே வந்தது. இம்பாக்ட்-2 ஆய்வில் கிலோவுக்கு 135 மைக்ரோகிராம் போலஸ் (ஒரே தடவையாகச் செலுத்தும் டோஸ்), பிறகு நிமிடத்துக்கு 0.5 அல்லது 0.75. 1998இல் வெளிவந்த பர்சூட் ஆய்வில் 180 போலஸ், நிமிடத்துக்கு 2.0 வரை. இன்றைக்கு ஆஞ்சியோபிளாஸ்டியில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு போலஸாக 180, பிறகு 2.0 என்று நிற்கிறது. டியூப்பின் மூடி நிறம் டோஸை இவ்வளவு தூரம் நகர்த்தியது.

இன்னொன்று, அக்ரிகோமீட்டரில் (பிளேட்லெட்டுகள் சேர்வதை வரைகோடாகக் காட்டும் கருவி) ஏடிபிக்கு வரும் இரண்டாம் அலை. பாடப்புத்தகப் படத்தில் இருப்பதால் அதை உடம்பில் நடப்பது என்று நம்புகிறோம். சிட்ரேட்டில் கால்சியம் தாழ்ந்திருக்கையில் பிளேட்லெட்டுகள் நெருங்கி ஒட்டியதும் த்ராம்பாக்ஸேன் ஏ2 உண்டாகி, துகள்கள் வெளியேறி, இரண்டாம் அலை எழும். ஹிருடின் (பிபாக் போலவே த்ராம்பினை மட்டும் தடுப்பது) பிளாஸ்மாவில், கால்சியம் இயல்பாக இருக்கையில், ஏடிபி மட்டும் கொடுத்தால் அது பெரும்பாலும் வராது. ஆக "ஆஸ்பிரின் ஏடிபியின் இரண்டாம் அலையை அழிக்கிறது" என்பது சிட்ரேட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் வாக்கியம்.

கொலாஜன் பார்ப்பவர்களுக்கும் ஒரு வரி: கொலாஜனைப் பிடிக்கும் இரண்டு ஏற்பிகளில் ஆல்ஃபா2-பீட்டா1 மக்னீசியத்தை நம்பும், கால்சியம் அதற்குத் தடை. ஜிபி6க்கு எந்த அயனியும் வேண்டாம். கொலாஜன் ஒட்டுதல் டியூப்புக்கு டியூப் மாறினால் இரண்டில் யாரைக் குறை சொல்வது என்பதை இது தீர்க்கும்.

---

சைட்டோ78 பதில்:

பச்சை டியூப்பை யாரும் தொடவில்லை, நானே முடிக்கிறேன். ஹெபாரின் கால்சியத்தை விட்டுவைப்பதால் ஏற்பி வடிவத்துக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் துண்டாக்கப்படாத முழு ஹெபாரின் தானே பிளேட்லெட்டின் மேல் ஒட்டி, ஜிபி 2பி/3ஏ வழியாக உள்ளே சமிக்ஞையைத் தூக்கிவிடும். ஏடிபி கொஞ்சம் இருந்தாலே பதில் பெரிதாக வரும். பச்சை டியூப்பில் மில்லிக்கு 15 யூனிட் சுமார் இருக்கிறது, சிகிச்சையில் ரத்தத்தில் இருப்பதைப் போல் இருபது மடங்கு. நீங்கள் பார்த்த சிடி62பி ஏற்றமும் கட்டிகளும் அதுதான். பிளேட்லெட் வேலைக்குப் பச்சை வேண்டாம்.

கால்சியம் அப்படியே இருக்க வேண்டும் என்றால் ஹிருடின் டியூப், அல்லது பிபாக். வெள்ளணு-பிளேட்லெட் ஒட்டுதல் பார்ப்பதற்கும் அவை நல்லது, சிட்ரேட்டும் ஓடும். ஈடிடிஏ அதற்கு ஆகவே ஆகாது: பி-செலக்டின் ஒரு லெக்டின் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்), வெள்ளணுவின் பிஎஸ்ஜிஎல்-1ஐப் பிடிக்க அதற்குக் கால்சியம் வேண்டும், கால்சியத்தை எடுத்தால் ஒட்டியது கழன்றுவிடும். சிடி62பி ஆன்டிபாடி எண் ஒழுங்காக வரும், மோனோசைட்டில் பிளேட்லெட் ஒட்டியிருப்பது மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஹிருடினில் ஒரு பொறி: தூண்டியாக த்ராம்பின் போட்டு "பிளேட்லெட் எழவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஹிருடின், பிபாக், ஹெபாரின் மூன்றும் த்ராம்பினைத்தான் தடுக்கின்றன. பார்1 ஏற்பியை நேராகத் தட்டும் டிராப்-6 போடுங்கள். எடுத்த அரை மணியிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

---

லேப்மேசை:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வெளியூரிலிருந்து ஊதா டியூப் மட்டும் வந்துவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. முற்றிலும் தூக்கி எறிவதா?

---

பஃபர்பாட்டில் பதில்:

எறிய வேண்டாம், கேள்வியைச் சுருக்குங்கள். அறை வெப்பத்தில் வந்து நான்கு மணிக்குள் என்றால் சிடி61 எஸ்இசட்21ம் சிடி42பியும் மட்டும் பாருங்கள். சிடி61 இயல்பு என்றால் முதல் வகை கிளான்ஸ்மன் இல்லை என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். சிடி61 இல்லவே இல்லை, 42பி நன்றாக இருக்கிறது என்றால் அதை ஈடிடிஏ செய்திருக்க முடியாது, நீல டியூப்புக்கு ஆளைக் கூப்பிடுங்கள். பாக்-1 போடவே போடாதீர்கள். 5 மைக்ரோலிட்டர் ஈடிடிஏ ரத்தம் 50இல் போனால் ஈடிடிஏ அரை மில்லிமோலார்கூட இல்லை, பஃபரின் 2 மில்லிமோலார் கால்சியம் அதை மூழ்கடித்துவிடும், அதனால் பாக்-1 ஓரளவு ஏறக்கூடச் செய்யும். அந்த ஓரளவு யாருடையது, நோயாளியுடையதா டியூப்புடையதா என்று பிரிக்க வழியில்லை.

அதே நாளில், அதே தூரத்தில், அதே ஊதா டியூப்பில் ஒரு ஆரோக்கியமான ஆளின் ரத்தமும் கூடவே வந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம். அனுப்புபவர்களுக்கு இரண்டு நீல டியூப் முன்கூட்டியே கொடுத்து விடுங்கள், ஒன்றில் நோயாளி, ஒன்றில் துணைக்கு வந்தவர்களில் ரத்த உறவு இல்லாத ஒருவர். டியூப்பின் மேல் எடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள், தேதி மட்டும் போதாது. ஐஸ் பெட்டியில் வந்தால் வாங்காதீர்கள்.